கெளுத்திக்காகப் பேச ஒருவர்

மீன் வளர்ப்பவர்கள் கூடுகிற இடத்தில் மீனைப் பற்றித்தான் பேச்சு நடக்கும் என்று யாராவது நினைத்தால், அவர்கள் வெள்ளை மனசுக்காரர்கள். முதலில் கொஞ்ச நேரம் மீன்தான். தேநீர் வந்துவிட்டால் எல்லாம் வியாபாரம்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலையில், கண்ணாடிக்கடையின் மாடியிலிருக்கும் நீள அறையில் அந்தக் குழு கூடும். சுவரில் பழைய கண் பரிசோதனைப் பலகை, மேலே பெரிய எழுத்தில் ஆரம்பித்துக் கீழே பொடிப்பொடியாக இறங்கும். அதன் அடியில் ஒரு மேசை. மேசை நிறைய, காற்றடைத்து ரப்பர் போட்ட பைகளில் மீன்குஞ்சுகள், பாசிக்கொத்துகள், யாரோ வேண்டாமென்று கொண்டுவந்த நத்தைகள். கடைக்குச் சொந்தக்காரரான கண்ணாடிக்காரர்தான் குழுவின் தலைவர். நாற்காலி விரிப்பது, தேநீர் ஊற்றுவது, வராதவர்களைப் போனில் பிடித்து ஏன் வரவில்லை என்று கேட்பது எல்லாம் அவர் மனைவி. பேச்சு தலைவருடையது, காரியம் அந்த அம்மாளுடையது.

முன்பெல்லாம் இந்த அறை ஒரே சந்தைக்கடை. பல் டாக்டர் ஏதாவது ஒரு மீனின் பல்லில் ஆரம்பித்துத் தன் ஆஸ்பத்திரி நேரத்தில் வந்து முடிப்பார். தண்ணீர்ச் சூடு எவ்வளவு இருக்கலாம் என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டால் அவர் தன் போன் நம்பரைச் சொல்லுவார். ஒருநாள் கண்ணாடிக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. மேசையை ஓங்கித் தட்டினார், இரண்டு மீன் பைகள் உருண்டு விழுந்தன.

"இன்னையிலிருந்து யாரும் தன் தொழிலைப் பத்தித் தானே பேசக்கூடாது. உங்ககிட்ட வேலை குடுத்தவங்க எந்திரிச்சுப் பேசட்டும். தனக்கு என்ன குறை இருந்துச்சு, நீங்க அதை எப்படித் தீத்து வெச்சீங்கன்னு அவங்க சொல்லட்டும். சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக்கூடாது. உக்காந்து கேட்டுக்கணும்."

அதோடு கூத்து ஆரம்பமானது. அடுத்தவர் வாயால் பேர் வாங்க வேண்டுமானால் முதலில் அடுத்தவருக்கு ஏதாவது செய்தாக வேண்டுமே. பார்வையில் ஒரு பழுதும் இல்லாதவர்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். தச்சர் பல்லைச் சுத்தம் செய்துகொண்டு, அடுத்த மாதமே திரும்பவும் போய் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்து, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த விதி வந்தபிறகுதான் அவர்கள் ஒருவர் வேலையை ஒருவர் உற்றுப் பார்க்கப் பழகினார்கள். தையல்காரம்மா ஒருநாள் எழுந்து, தன் மீன் தொட்டிக்குத் தச்சர் செய்து கொடுத்த மேசையைப் பற்றிப் பேசினாள். அவள் வீட்டுத் தரை ஒரு பக்கம் சரிவு. தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் ஒரு மூலையில் தளும்பும், எதிர்மூலையில் இறங்கி நிற்கும். தச்சர் ஒரு காலுக்கு அடியில் மட்டும் மரத்துண்டு வைத்து, ஊற்றிப் பார்த்து, எடுத்துச் சீவி, மறுபடி ஊற்றிப் பார்த்து, கடைசியில் நான்கு மூலையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றதாம். குனிந்து தடவிப் பார்த்தாலும் ஒட்டு தெரியவில்லையாம். அவள் சொல்லச் சொல்லத் தச்சருக்குக் காது சிவந்துபோயிற்று. பதில் பேச வழியில்லாமல் தன் வேலையைப் பற்றி இன்னொருவர் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்கு வாழ்நாளில் முதல் தடவை. அன்று வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னதாகக் கேள்வி.

இப்படி எல்லோருக்கும் பேச ஆள் இருந்தது. கெளுத்திக்கு மட்டும் இல்லை.

கெளுத்தி என்பது பட்டப்பெயர். பகலெல்லாம் கல்லுக்கடியில் ஒளிந்திருந்து, விளக்கை அணைத்தால்தான் வெளியே வரும் கெளுத்தி மீன்களை அவர் வளர்த்தார். அவர் தொட்டியைப் பார்க்கப் போனவர்கள் கல்லையும் தண்ணீரையும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஆளும் அதே ரகம். கடைசி வரிசை, ஓர நாற்காலி, கேட்டால் பதில். தொழில், மூட்டைப்பூச்சி ஒழிப்பது.

பல் வலித்தது என்று எழுந்து சொல்லலாம். கண் மங்கியது, கால்சட்டை இறுக்கிப் பிடித்தது என்றெல்லாம்கூடச் சொல்லலாம். எங்கள் வீட்டில் மூட்டைப்பூச்சி இருந்தது என்று யார் எழுந்து சொல்வார்கள்? அதுவும், அடுத்த முறை வீட்டுக்கு வந்தால் சோபாவில் உட்காரலாமா நின்றுகொண்டே பேசலாமா என்று யோசிக்கப்போகிறவர்கள் நடுவில்? கெளுத்தி சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர் பெயரைச் சொல்லி ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

விடுதியம்மாவும் எழுந்திருக்கவில்லை. அவள் எழுந்திருக்க வேண்டியவள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் ஆறு அறைகள் கொண்ட தங்கும் விடுதி அவளுடையது. புருஷன் கப்பலில் வேலை, வந்து போகிற ஆள். விடுதியைக் கட்டிக் காப்பது அவளும் அவள் நாத்தனாரும். விடுதியின் கூடத்தில் ஒரு பெரிய மீன் தொட்டி உண்டு. வந்திறங்குகிறவர்கள் பெட்டியைக் கீழே வைத்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். குழுவில் அவளுக்கு நல்ல பேர். பல் டாக்டரின் மாமியார், தச்சரின் மச்சான் என்று ஆளாளுக்கு உறவுக்காரர்களை அங்கே தங்கவைத்து, எழுந்து நின்று புகழ்ந்திருக்கிறார்கள். போர்வை வாசனைகூட ஒருமுறை பேசப்பட்டது. இப்போது கண்ணாடிக்காரர் தன் மகள் கல்யாணத்துக்கு வரும் சம்பந்தி வீட்டாருக்காக ஆறு அறைகளையும் மொத்தமாகச் சொல்லி வைத்திருந்தார்.

அந்த விடுதியில்தான், கோடையில், நான்காம் நம்பர் அறையில் தங்கியவர் காலையில் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வரிசையாகத் தடிப்பு.

விஷயம் வெளியே போனால் விடுதியை இழுத்து மூட வேண்டியதுதான். விடுதியம்மாவும் நாத்தனாரும் காதும் காதும் வைத்தாற்போல் தூரத்துக் கடையொன்றில் மருந்து டப்பா வாங்கி வந்து, கதவையெல்லாம் அடைத்துக்கொண்டு, ஆறு அறையிலும் கூடத்திலும் ஆசை தீர அடித்தார்கள். பூச்சி சாகவில்லை. மறுநாள் காலையில் கூடத்துத் தொட்டியில் மீன்கள் அத்தனையும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

மீன் வளர்க்கிற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதிதான். தொட்டிக்குக் காற்று ஊதுகிற பம்பு, அறையில் இருக்கிற காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் விடும். மருந்து அடிப்பதற்கு முன்னால் பம்பை நிறுத்தி, தொட்டியைப் போர்த்தி மூட வேண்டும். பதறிய பதற்றத்தில் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. குழுவுக்கு என்ன சொல்வது? தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் கெட்டுப்போய் மீனெல்லாம் வெந்துவிட்டது என்று ஒரு பொய். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். பல் டாக்டர் கண் கலங்கித் தன் தொட்டியிலிருந்து பத்து மீன் கொண்டுவந்து கொடுத்தார். எலக்ட்ரீஷியன் அந்த ஹீட்டரை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்துப் பார்த்து, ஒரு குறையும் தெரியாமல், அதை மறுபடி பூட்டி, மறுபடி பிரித்து, தன் படிப்பின்மேலேயே சந்தேகப்பட ஆரம்பித்தார்.

கடைசியில் விடுதியம்மா கெளுத்தியைத்தான் கூப்பிட்டாள்.

அவர் வந்த விதமே அவளுக்குப் பிடித்துப்போயிற்று. நீராவி பீய்ச்சும் சின்ன இயந்திரத்தை மீன் தொட்டி வாங்கிய அட்டைப்பெட்டிக்குள் வைத்து, அதன்மேல் பாசிக்கொத்து தெரிய ஒரு பையைப் போட்டுக்கொண்டு வந்தார். எதிர்க்கடைக்காரர், "புது மீனா?" என்று கேட்க, "புது மீன்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். வந்தவர் தொட்டியைப் பார்த்தார், மேலே ஓடிக்கொண்டிருந்த பம்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அக்கா, நான் மருந்தே தொடமாட்டேன். வீட்ல மீன் வெச்சிருக்கிறவன் எப்படி மருந்தைத் தொடுவான்? எல்லாம் சூடுதான். கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்."

கொஞ்ச நேரமா அது! மெத்தையின் ஓரத் தையலில் ஒரு பழைய சீட்டுக்கட்டு அட்டையைச் செருகி, அங்குலம் அங்குலமாக இழுத்துக்கொண்டு போனார். அட்டை நகர்ந்த இடத்தில் நீராவிக் குழாய் பின்னாலேயே நகர்ந்தது. வேகமாகப் போனால் மேலே இருப்பது சாகும், உள்ளே இருப்பது பிழைத்துக்கொள்ளும் என்றார். கட்டில்களைக் கழற்றி, எந்தக் கட்டிலின் திருகு எந்தக் கிண்ணத்தில் என்று பிரித்து வைத்து, திருகு இருந்த ஓட்டைக்குள்ளும் நீராவி விட்டு, மறுபடி ஆடாமல் இறுக்கிப் பூட்டினார். அப்படியும் திருப்தியில்லாமல் சுவரில் மாட்டியிருந்த படத்தை இறக்கி, பின்பக்க அட்டையைப் பிரித்தார். பூச்சிக் குடும்பமே அங்கேதான் இருந்தது. நாத்தனார் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

விடுதியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். கெளுத்தி குழாயை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"யாரோ ஒருத்தர் பெட்டிக்குள்ள ஏறி வந்திருக்கு அக்கா. எந்தப் பெட்டின்னு அதுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இதுக்கும் உங்க சுத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இவ்வளவு சுத்தமா ஒரு இடத்தை நான் பாத்ததே இல்ல."

பூச்சியின் முட்டை பொரிக்கிற கணக்குப் பார்த்து அவர் இன்னும் இரண்டு தடவை வந்து மறுபடி மறுபடி செய்தார். அதற்கப்புறம் இன்றுவரை ஒரு பூச்சி இல்லை. தொட்டித் தண்ணீரை எப்படி மாற்றுவது, எத்தனை நாள் பொறுத்து டாக்டரின் மீன்களை விடுவது என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். குழுவில் எலக்ட்ரீஷியன் அந்த ஹீட்டர் மர்மத்தை ஒவ்வொரு மாதமும் எடுப்பார். கெளுத்தி ஓர நாற்காலியில் உட்கார்ந்து, கிணற்றில் போட்ட கல்லாக இருப்பார்.

இந்த மாதம், வெள்ளிக்கிழமை காலையில், குழுவின் வாட்ஸப்பில் கெளுத்தி ஒரு செய்தி போட்டிருந்தார். வேலை போதவில்லை, ஊரை விட்டுப் போகிறேன், கிடங்கு ஒன்றில் காவல் வேலை கிடைத்திருக்கிறது, என் மீன்களை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். அதற்குக் கீழே எல்லோரும் வருத்தப்பட்டு எழுதியிருந்தார்கள். நல்ல மனுஷன், நல்ல மனுஷன் என்று வரிசையாக.

தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்த விடுதியம்மாவுக்குக் கை நின்றுவிட்டது.

"ஞாயித்துக்கிழமை நான் பேசப்போறேன்" என்றாள்.

நாத்தனார் போர்வையைக் கீழே போட்டாள். "என்ன பேசப்போறீங்க? நம்ம விடுதியில மூட்டைப்பூச்சின்னா? அண்ணி, உங்களுக்கு ஏதாவது பிடிச்சிருக்கா? கண்ணாடிக்காரர் ஆறு ரூமையும் சொல்லி வெச்சிருக்காரு. சம்பந்தி வீட்டை மூட்டைப்பூச்சி விடுதியில தங்கவெப்பாரா அவரு?"

"இப்போ பூச்சி இல்லையே."

"இப்போ இல்லேன்னு யாரு கேக்கப்போறா? இருந்துச்சுங்கிறதுதான் காதுல விழும். எங்க அப்பா கட்டின விடுதி இது. வாயைத் திறந்தீங்க, நம்ம மானம் கப்பலேறிடும்."

"அவர் நமக்காக வாயை மூடிக்கிட்டிருந்தாரு."

"அதுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் கூலி குடுத்தோமே!"

"வேலைக்குக் குடுத்தோம். வாயை மூடினதுக்கு என்ன குடுத்தோம்?"

நாத்தனார் போர்வையை எடுத்து உதறினாள். அந்த உதறலில் தூசி பறக்கவில்லை, கோபம் பறந்தது. இரண்டு நாளும் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஒருநாளும் இல்லாத திருநாளாக, "நானும் வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். எதற்கென்று சொல்லத் தேவையில்லை. காவலுக்கு.

அறை நிறைந்திருந்தது. கெளுத்தி தன் மீன்களை மூடி போட்ட வாளியில் கொண்டுவந்து மேசைக்கடியில் வைத்திருந்தார். எல்லோரும் அவர் கையைப் பிடித்து, போய் வாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரரின் மனைவி அவருக்கு மட்டும் இரண்டு பிஸ்கட் கூடுதலாக வைத்தாள்.

தேநீர் முடிந்ததும் கண்ணாடிக்காரர் தொண்டையைக் கனைத்தார். "யாராவது யாரைப் பத்தியாவது பேசறதுன்னா பேசலாம்."

விடுதியம்மா எழுந்தாள். நாத்தனார் அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். விடுதியம்மா கையை விடுவித்துக்கொண்டாள். எதிரே கண்ணாடிக்காரர், மகள் கல்யாணக் களையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் கெளுத்தித் தம்பியைப் பத்திப் பேசணும்" என்றாள். "கோடையில எங்க விடுதியில மூட்டைப்பூச்சி வந்துச்சு."

யாருடைய முகத்திலும் ஈயாடவில்லை. தையல்காரம்மா மட்டும் தன்னையறியாமல் முழங்கையைச் சொறிந்தாள்.

விடுதியம்மா நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். மருந்து அடித்த கதையைக் கடைசிக்கு வைத்துவிட்டு, அவள் சீட்டுக்கட்டு அட்டையைச் சொன்னாள், கிண்ணத்தில் பிரித்து வைத்த திருகுகளைச் சொன்னாள், சுவர்ப்படத்தைச் சொன்னாள். "நான் கீழ உக்காந்து அழுதேன். அப்போ அவர் சொன்னாரு, இதுக்கும் உங்க சுத்தத்துக்கும்..."

"அக்கா பொய் சொல்றாங்க."

எல்லோரும் திரும்பினார்கள். கடைசி வரிசையில் கெளுத்தி எழுந்து நின்றிருந்தார். அந்த அறையில், பேசப்படுகிறவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"அவங்க விடுதியில பூச்சியே இல்ல" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "நான் அங்க போனது மீன் குடுக்கத்தான். நான் ஊரை விட்டுப் போறேன்னு அக்கா இரக்கப்பட்டுக் கதை கட்டுறாங்க. நம்பாதீங்க."

அறை மூச்சு விட்டது. கண்ணாடிக்காரருக்கு உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. "அதானே பாத்தேன்! ஏம்மா, நல்ல மனசுதான், அதுக்காக இப்படியா விளையாடுறது? என் சம்பந்தி காதுல விழுந்தா என்ன ஆகும்? சும்மாதானே சொன்னீங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விடுதி பிழைக்கும், கல்யாணத்துக்கு ஆறு அறையும் நிறையும், நாத்தனார் முகம் தெளியும். கெளுத்தியே கதவைத் திறந்து வைத்துவிட்டு, போங்கள் அக்கா என்று நிற்கிறார். தன் பிழைப்புக்காக இத்தனை நாளில் ஒருவர் பேசிய ஒரே பேச்சையும் அவரே குப்பையில் போடுகிறார், அவள் பேர் கெடக்கூடாதென்று. விடுதியம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பூச்சி இருந்துச்சு" என்றது ஒரு குரல்.

நாத்தனார் எழுந்து நின்றிருந்தாள்.

கண்ணாடிக்காரர் திகைத்தார். "நீங்க உறுப்பினர் இல்லையேம்மா..."

"தொட்டியைக் கழுவுறது யாரு? நான்தான். எங்க அண்ணி தீனி மட்டும்தான் போடுவாங்க" என்றாள் நாத்தனார். "இவங்க பேசக்கூடாதுன்னுதான் நான் கூடவே வந்தேன். ஆனா எங்க அண்ணியைப் பொய்க்காரின்னு ஊர் நடுவுல ஒருத்தர் சொல்லி, அதைக் கேட்டுக்கிட்டு நான் வீட்டுக்குப் போகமாட்டேன். பூச்சி இருந்துச்சு. நாலாம் நம்பர் ரூம்ல, படத்துக்குப் பின்னாடி. நான் என் கண்ணால பாத்தேன், ரெண்டு நாள் சோறு இறங்கல. இந்தத் தம்பிதான் ஒண்ணு விடாம ஒழிச்சாரு. அதுக்கு முன்னாடி நாங்களே மருந்தடிச்சு, கூடத்துல இருந்த மீனையெல்லாம் கொன்னுட்டோம். ஹீட்டரும் கெடல, ஒண்ணும் கெடல."

அப்போதுதான் அறை வெடித்தது.

"பம்பை நிறுத்தலையா?" என்று அலறினார் பல் டாக்டர். "மருந்தடிக்கறதுக்கு முன்னாடி பம்பை நிறுத்தலையா? தொட்டியைப் போத்தலையா?"

"ஹீட்டர் நல்லாத்தான் இருந்துச்சா!" எலக்ட்ரீஷியன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "அதை எத்தனை தடவை பிரிச்சேன் தெரியுமா? என் சம்சாரம் என்னை எப்படிப் பேசினா தெரியுமா?"

"பத்து மீன் குடுத்தேனே, அதுங்களை விடறப்பவாவது தண்ணியை மாத்தினீங்களா?"

"மீன் வளக்கிறவங்க செய்யற வேலையா இது?"

ஆளுக்கு ஆள் எழுந்து கத்தினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுதியம்மாவுக்கு உறைத்தது. மூட்டைப்பூச்சியைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுடைய கோபமெல்லாம் பம்புக்காக. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு தலையைத் தலையை ஆட்டினாள்.

கடைசியில் கண்ணாடிக்காரர் மேசையைத் தட்டினார். அறை அடங்கி, எல்லாக் கண்களும் அவர்மேல் திரும்பின. சம்பந்தி வீடு ஒவ்வொருவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. நாத்தனார் விடுதியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், இந்த முறை இழுக்கவில்லை.

"இந்த ஊர்ல விடுதி நிறைய இருக்கு" என்றார் கண்ணாடிக்காரர். "எல்லாரும் சுத்தம்னுதான் சொல்றாங்க. எங்க இருக்கு, எங்க இல்லன்னு யாருக்குத் தெரியும்? திருகு ஓட்டை வரைக்கும் ஒருத்தர் பாத்து, பூச்சி இல்லன்னு எனக்கு நிச்சயமாத் தெரிஞ்ச இடம் இப்போ ஒண்ணே ஒண்ணுதான். என் சம்பந்தி வீடு அங்கதான் தங்கும்."

விடுதியம்மாவுக்குக் கண் நிறைந்தது. தச்சர் கை தட்டினார், பின்னாலேயே எல்லோரும் தட்டினார்கள்.

"உக்காருங்க கெளுத்தி" என்றார் கண்ணாடிக்காரர், தலைவர் தோரணை திரும்பியவராய். "நீங்க விதியை மீறிட்டீங்க. பொய் வேற சொல்லிட்டீங்க. சரி, கெளுத்தியைப் பத்தி வேற யாராவது பேசணுமா?"

தையல்காரம்மா, முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்த கையை மெதுவாகத் தூக்கினாள். பல் டாக்டர் கூரையைப் பார்த்துக்கொண்டே தன் கையைத் தூக்கினார். "ஆஸ்பத்திரி சோபா" என்று முணுமுணுத்தார். எலக்ட்ரீஷியன் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்க்க, இருவர் கையும் சேர்ந்தே எழுந்தன. விடுதியம்மா வாய் பிளந்து பார்த்தாள். தன் வீட்டுக்கு மட்டும்தான் வந்த சங்கடம் என்று அத்தனை நாளும் ஒவ்வொருவரும் தனித்தனியாக வெந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அத்தனை வீட்டுக்கும் போய்வந்த மனுஷன், மாதாமாதம் அத்தனை பேர் நடுவிலும் உட்கார்ந்து, ஒருவரைப் பற்றி ஒருவரிடம் ஒரு ஜாடைகூடக் காட்டவில்லை. இவரை யார் யாரோ நல்ல மனுஷன் என்று எழுதினார்களே, அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று அவளுக்குப் பட்டது.

"அடேங்கப்பா, இத்தனை வீட்லயா!" என்று கண்ணாடிக்காரர் ஆச்சரியப்பட்டார். "நல்லவேளை, நம்ம வீட்ல அந்தத் தொல்லை..."

சொல்லிக்கொண்டே அறையைச் சுற்றிப் பார்வையை ஓட்டியவர், தேநீர் மேசைப் பக்கம் வந்ததும் நின்றார். அங்கே அவர் மனைவி, ஒரு கையில் கெட்டிலோடு, மறு கையை நன்றாக உயரத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"நம்ம வீட்லயா?"

"நம்ம வீட்லதான்."

"எப்போ?"

"நீங்க கண்ணாடி வாங்க வெளியூர் போயிருந்தப்போ. திரும்பி வந்து, என்ன கட்டிலெல்லாம் கிறீச்சிடாம இருக்குன்னு கேட்டீங்களே, அப்போ."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"உங்ககிட்ட சொன்னா விதி போடுவீங்க" என்றாள் அவர் மனைவி. கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அறையின் நடுவுக்கு வந்து நின்றாள். "இப்போ கொஞ்சம் சும்மா இருங்க. நான் இந்தத் தம்பியைப் பத்திப் பேசணும்."